எட்டுப் பக்கப் புத்தகம்

ஈசூனில் உள்ள ஒரு வீவக வீட்டில் பாட்டி, பெற்றோர், உயர்நிலை இரண்டில் பயிலும் அக்காள், நான்கு வயதுத் தம்பி ஆகியோர் வாழ்கின்றனர். பாட்டி தமிழில் கேட்பது தம்பிக்கு நன்றாகப் புரியும். ஆனால், அவன் ஆங்கிலத்திலேயே பதில் சொல்வான். அந்தப் பதிலில் பாதிதான் பாட்டிக்குப் புரியும். நாளடைவில் பாட்டி கேள்வி கேட்பதைக் குறைத்துக்கொண்டார். பாலர் பள்ளியிலிருந்து திரும்பும் பேரனிடம், "சாப்பிட்டியா?" என்ற ஒரே கேள்வியோடு நிறுத்திக்கொண்டார்.

இத்தகைய நிலையை இன்று பல வீடுகளில் காணலாம். 2020ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூர்வாசிகளில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் மிகுதியாகப் பேசுவது ஆங்கிலமே. ஆங்கிலம் பேசுவதில் தவறில்லை. ஆனால், பாட்டியின் மொழி பேரனின் நாவில் தங்காமல் போனால், இருவருக்கும் இடையிலான பேச்சே குறைந்துவிடுகிறது.

இதைக் கவனித்த அக்காள், பொது நூலகத்திலிருந்து தமிழ்ப் படநூல்களை இரவல் வாங்கி வந்தாள். தம்பியை அருகில் அமர்த்தி வாசித்தாள். பக்கத்துக்குப் பக்கம், "இது என்ன? தமிழில் சொல்" என்று கேட்டாள், அவன் தவறாகச் சொன்னால் உடனே திருத்தினாள். மூன்றாம் பக்கத்திலேயே தம்பி நழுவி ஓடிவிடுவான். கதை நேரம் தேர்வு நேரமாக மாறிவிட்டதை அவள் அப்போது உணரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பாட்டி, அக்காள், தம்பி மூவரும் தேக்கா சந்தைக்குச் சென்று வந்தனர். அன்று பிற்பகல், அந்தப் பயணத்தையே ஒரு புத்தகமாகச் செய்யலாம் என்று அக்காளுக்குத் தோன்றியது.

அதற்குத் தேவைப்பட்டது ஒரே ஓர் ஏ4 தாள். ஒவ்வொரு முறையும் குறுகிய விளிம்புகள் ஒன்றுசேரும்படி தாளை மும்முறை பாதியாக மடித்து விரித்தால், எட்டுக் கட்டங்கள் கிடைக்கும். பின்னர், அதே முறையில் ஒருமுறை மட்டும் மடித்து, மடிப்பு விளிம்பின் நடுவிலிருந்து அடுத்த மடிப்புக் கோடு வரை வெட்ட வேண்டும். தாளை விரித்து, இப்போது நீண்ட விளிம்புகள் ஒன்றுசேரும்படி மடித்து, இரு முனைகளையும் உள்நோக்கித் தள்ளினால் நடுவிலுள்ள பிளவு திறந்துகொள்ளும். பக்கங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தால், பசையும் நூலும் இல்லாமலேயே எட்டுப் பக்கக் குட்டிப் புத்தகம் உருவாகிவிடும். கத்தரிக்கோலை அக்காள் பிடித்தாள். மடிப்புகளைத் தம்பி தன் சின்ன விரல்களால் அழுத்தினான்.

சமையலறையில் இருந்த பாட்டி, நறுக்கிய வெண்டைக்காயின் காம்புத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். அதை வண்ணத்தில் தோய்த்துத் தாளில் பதித்ததும் ஐந்து இதழ்ப் பூ ஒன்று தோன்றியது. "பாட்டி, பூ!" என்று தம்பி கத்தினான். அதைத் தமிழில் சொல்லும்படி யாரும் அவனைக் கேட்கவில்லை.

கைகள் விளையாடும்போது கதை பிறப்பது புதிதன்று. அமெரிக்க ஓவியர் எரிக் கார்ல் ஒருநாள் துளையிடும் கருவியால் தாள் அடுக்கில் துளைகள் போட்டுக்கொண்டிருந்தார். அத்துளைகள் அவருக்குப் புத்தகப் புழுவை நினைவூட்டின. முதலில் அவர் ஒரு புழுவின் கதையைத்தான் எழுத எண்ணினார். பதிப்பாசிரியரோடு கலந்து பேசியபின், புழு கம்பளிப்புழுவாக மாறியது. 1969இல் வெளிவந்த 'த வெரி ஹங்கிரி கேட்டர்பில்லர்' என்னும் அந்தப் படநூல் உலகப் புகழ் பெற்றது. மெல்லிய தாள்களில் வண்ணம் தீட்டி, வெட்டி, ஒட்டியே அதன் படங்களை அவர் உருவாக்கினார்.

ஈசூன் வீட்டிலும் வெட்டுவதும் ஒட்டுவதும் தொடர்ந்தன. பேரங்காடியின் விளம்பரத் தாளிலிருந்து மீன் படம் ஒன்றை அக்காள் வெட்டிக் கொடுக்க, தம்பி அதை நான்காம் பக்கத்தில் ஒட்டினான். "இங்கே என்ன எழுதலாம்?" என்று அக்காள் கேட்டாள். தம்பி சற்று யோசித்துவிட்டு, "மீன் ஐஸ் மேல தூங்குது" என்றான்.

'பனிக்கட்டியின்மேல் மீன்கள் வைக்கப்பட்டிருந்தன' என்று திருத்தி எழுத அக்காளின் கை பரபரத்தது. ஆனால், தன் சொல் புத்தகமாவதைக் காணத் தம்பி ஆவலோடு காத்திருந்தான். அவன் சொன்னதை ஓர் எழுத்தும் மாற்றாமல் அவள் எழுதினாள்.

அன்றிரவு தம்பி அந்தப் புத்தகத்தைப் பாட்டிக்கு 'வாசித்துக்' காட்டினான். அவனுக்கு இன்னும் எழுத்துகள் தெரியா. ஆயினும், எல்லாம் அவன் சொன்ன சொற்களே என்பதால் எந்தப் பக்கத்திலும் அவன் தடுமாறவில்லை. எழுதியதை வாசிக்கலாம், பேசியதை எழுதலாம் என்னும் உண்மையைக் குழந்தைகள் இவ்வாறுதான் அறிந்துகொள்கின்றனர்.

நான்காம் பக்கம் வந்ததும் பாட்டி, "மீன் கண்ணைத் திறந்துகிட்டா தூங்குது?" என்று கேட்டார். தம்பி படத்தை உற்றுப் பார்த்தான். "போர்வை இல்ல பாட்டி, அதான் தூக்கம் வரல" என்றான். பாட்டி வாய்விட்டுச் சிரித்தார்.

தம்பி இன்றும் ஆங்கிலம் கலந்துதான் பேசுகிறான். அவனது தமிழில் திருத்த வேண்டியவை இன்னும் பல உள்ளன. அவற்றைப் பிறகு திருத்திக்கொள்ளலாம். பேசாத மொழியில் திருத்துவதற்கு ஒன்றும் இருக்காது. நூலகப் புத்தகங்களையும் அவன் இப்போது இறுதிப் பக்கம்வரை கேட்கிறான். அக்காள் இடையில் கேள்வி கேட்பதில்லை. கேள்விகளை அவனே கேட்கிறான்.

அடுத்த சனிக்கிழமை மாலை, பாட்டி வழக்கம்போல், "சாப்பிட்டியா?" என்று கேட்டார். "சாப்பிட்டேன் பாட்டி. நாளைக்கு மீன் தூங்குதான்னு பார்க்கப் போகலாமா?" என்றான் தம்பி.

மேசைமீது ஒரு புதிய ஏ4 தாளை எடுத்து வைத்தாள் அக்காள்.