குதிரைமேல் தொடை நடுங்கினால்

கேள்வி: 45 வயதில் குதிரையேற்றம் கற்கிறேன். குதிரை ஓட ஆரம்பித்தாலே தொடை நடுங்குகிறது. கடிவாளத்தைப் பிடித்துத் தொங்குகிறேன். ஜிம்மில் என்ன பயிற்சி செய்யலாம்?

பதில்: காலுக்கு வலு ஏற்றிக் குதிரையை இறுக்கிப் பிடிக்கலாம் என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. வம்பே அதுதான். முழங்காலால் கவ்வினால் இடுப்பு சேணத்தை விட்டு எழும்பும். குதிரையோ வேகம் கூட்டச் சொல்வதாக எடுத்துக்கொள்ளலாம். வயிறும் முதுகும் உடம்பைத் தாங்காதபோதுதான் கை கடிவாளத்தைத் தேடும். ஆகவே பிளாங்க்கில் தொடங்குங்கள். மூச்சை அடக்காமல் 20 விநாடி நின்றால் முதலில் போதும். ஸ்குவாட், ஒற்றைக்கால் நிலை இரண்டும் கூடவே. நாற்காலி உத்தியோகம் என்றால் இடுப்பின் முன்தசையை நீட்டுவது கட்டாயம். படி விளிம்பில் நின்று குதிகாலைத் தாழ்த்திப் பழகினால் அங்கவடியில் அது எளிதாக இறங்கும்.

வியன்னாவின் ஸ்பானிஷ் குதிரையேற்றப் பள்ளியில் புதியவர்களுக்கு அங்கவடியும் கடிவாளமும் கொடுக்காமல், நீள்கயிற்றில் வட்டமிடும் குதிரைமேல் உட்காரவைத்தே சமநிலை பழக்குகிறார்கள். உங்கள் பயிற்சியாளரிடமும் கேட்டுப் பாருங்கள். தனியாக மட்டும் முயல வேண்டாம். வயதா? ஜப்பானின் ஹிரோஷி ஹோகெட்சு 2012 லண்டன் ஒலிம்பிக்கில் குதிரையேறியபோது அவருக்கு 71. முதுகுத்தண்டில் ஏற்கெனவே தொல்லை இருந்தால், மருத்துவரைப் பார்த்த பிறகே சேணத்தில் ஏறுங்கள்.