மண்டபத்தின் கணக்கும் வளவின் கணக்கும்



நள்ளிரவில் கல்முனையிலிருந்து பிரதான வீதியால் பாண்டிருப்பு, மருதமுனைப் பக்கம் வந்து பாருங்கள். கடைகள் பூட்டிக் கிடக்கும், வங்கிகளில் ஆளிராது. ஆனால் முன்வளவிலும் வாகனத் தரிப்பிடத்திலும் மதிலோரத்திலும் விளக்குகள் விடியும்வரை எரியும். கட்டடம் உறங்கினாலும் அதன் வளவு உறங்குவதில்லை. இந்த வளவை எந்தக் கணக்கில் எழுதுவது? இதுவே இன்றைய பாடம்.

பூமியின் வெப்பத்தைத் தப்பவிடாமல் பிடித்து வைக்கும் காபனீரொட்சைட்டு, மெதேன் முதலியவற்றைப் பச்சைவீட்டு வாயுக்கள் என்கிறோம். இவற்றால் பூமி சூடேறுகிறது, கடல் உயர்கிறது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரி 20 சென்ரிமீற்றர் உயர்ந்ததாக ஐ.நா.வின் காலநிலை மாற்றக் குழு கணித்திருக்கிறது. 2004 டிசம்பர் 26இல் நம் கரையை அழித்த சுனாமி பூமியதிர்ச்சியால் வந்தது. அதையும் இதையும் ஒன்றாக்கிப் பேசுவது தவறு. ஆயினும் கடல் ஒரு முழம் கிட்ட வருவதென்றால் என்னவென்று பாண்டிருப்பில் இருப்பவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இலங்கை 2016இல் பாரிஸ் உடன்படிக்கையை ஏற்று உறுதிசெய்தது. 2025 ஜனவரி முதல் கொழும்புப் பங்குச் சந்தையிலுள்ள பெரிய கம்பனிகள், காலநிலை பற்றிய தகவல்களைக் கட்டங்கட்டமாக வெளியிட வேண்டுமென்ற கணக்கியல் நியமமும் வந்துவிட்டது. அப்படிப்பட்ட வங்கியொன்றின் கிளை நம்மூரில் இருந்தால், அதன் தரிப்பிட விளக்கும் இனிமேல் கணக்குக்குரிய பொருள்தான்.

கணக்கெழுதும் முறையை 2001இல் வெளியான 'பச்சைவீட்டு வாயு நெறிமுறை' என்ற நூல் வகுத்தது. அது மூன்று பிரிவு சொல்கிறது. நாமே எரிப்பதும் நம் இயந்திரத்திலிருந்து கசிவதும் முதற் பிரிவு. நாம் விலைக்கு வாங்கும் மின்சாரம் இரண்டாம் பிரிவு. நம் அலுவலின் பொருட்டு மற்றவர்கள் வெளிவிடுவது மூன்றாம் பிரிவு.

ஒரு கலியாண மண்டபத்தை எடுத்துக்கொள்வோம். மண்டபம் 5,000 சதுர அடி, சுற்றியுள்ள வளவும் தரிப்பிடமும் 15,000 சதுர அடி. வளவில் 150 வாற்று விளக்குகள் நான்கு, இரவு 12 மணித்தியாலம் எரிகின்றன. ஓர் இரவுக்கு 7.2 அலகு, வருஷத்துக்கு 2,628 அலகு. ஓர் அலகு மின்சாரத்துக்கு அரைக் கிலோ காபனீரொட்சைட்டு என்று உதாரணத்துக்கு வைத்தால், வருஷத்துக்கு 1,300 கிலோவுக்கு மேல். (உண்மையான எண் ஆண்டுக்காண்டு மாறும். மழை பொய்த்த வருஷத்தில் நீர்மின்சாரம் குறைந்து, நுரைச்சோலை நிலக்கரியும் எண்ணெயும் கூடும். நிலைபெறுதகு வலுசக்தி அதிகாரசபை வெளியிடும் எண்ணையே எடுக்கவேண்டும்.)

இங்கேதான் இரண்டு பிழைகள் நேர்கின்றன. வளவை மறந்தே விடுவது ஒன்று. அது அறியாமை என்று விடலாம். மற்றது அத்தனை வெகுளியானதன்று. மண்டபத்துக்குள் வருஷம் 10,000 அலகு செலவென்றால் சதுர அடிக்கு 2 அலகு. அதே மண்டபக்காரர் வளவின் பரப்பையும் சேர்த்து, 12,628 அலகை 20,000 சதுர அடியால் வகுத்தால் 0.63தான் வரும். ஒரு விளக்கும் அணைக்கப்படவில்லை. மண்டபம் மட்டும் மூன்று மடங்கு சிக்கனமாகிவிட்டது! இதனாலேயே ஐக்கிய அமெரிக்காவின் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் கட்டடங்களுக்கென நடத்தும் கணக்குமுறையில், தரிப்பிடத்தின் பரப்பு கட்டடத்தின் பரப்போடு சேர்க்கப்படுவதில்லை. தரிப்பிடத்துக்கு வேறு மின்மானி இல்லாவிட்டால், அதன் செலவை மதிப்பிட்டுக் கழித்துவிட்டே கட்டடத்தை மற்றவற்றோடு ஒப்பிடுகிறார்கள். மொத்தத்தில் வளவு இருக்கவேண்டும். சதுர அடிக் கணக்கில் அது தனியே நிற்கவேண்டும்.

மின்சாரம் நின்றால் பின்வளவில் ஜெனரேற்றர் ஓடும். டீசல் ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 2.7 கிலோ காபனீரொட்சைட்டு. மாதம் 10 லீற்றர் என்றால் வருஷத்தில் 324 கிலோ. இது முதற் பிரிவு. குளிரூட்டியின் வெளிப்பெட்டியும் சுவருக்கு வெளியேதான் தொங்குகிறது. அதிலுள்ள ஆர்-410ஏ என்ற வாயு ஒரு கிலோ கசிந்தால், ஏறக்குறைய 2,000 கிலோ காபனீரொட்சைட்டுக்குச் சமம். வருஷம் முழுவதும் எரிந்த விளக்குகளை ஒரு கசிவு மிஞ்சிவிடுகிறது, பார்த்தீர்களா? அது வளவில் இருந்தாலும் குளிரூட்டுவது மண்டபத்தை. ஆகவே மண்டபத்தின் பக்கத்திலேயே எழுதவேண்டும்.

அடுத்தது, கூட்டிக் குவித்துக் கொளுத்தும் குப்பை. சருகும் தென்னோலையும் எரியும்போது வரும் காபனீரொட்சைட்டு, மரம் முன்பே காற்றிலிருந்து எடுத்தது. அதைத் தனியாகக் குறிப்பார்கள். அதோடு எழும் மெதேன் கணக்கில் சேரும். ஆனால் உள்ளே கிடக்கும் பொலித்தீன் பூமிக்கடியிலிருந்து வந்த எண்ணெயால் ஆனது. அதன் புகை முழுவதும் சேரவேண்டும். மூச்சுக்கும் அது கேடு. வளவில் நாலு வேம்பு நிற்கிறதென்று இதையெல்லாம் கழித்துவிட முடியாது. மரங்கள் எடுப்பதைத் தனியே காட்டலாம். நிழலுக்காக மரம் நடுங்கள். கணக்கை மறைக்க நடவேண்டாம்.

கலியாணத்தன்று வரும் வாகனங்கள்? 100 மோட்டார் சைக்கிள்கள், போகவர 10 கிலோமீற்றர், லீற்றருக்கு 50 கிலோமீற்றர் என்றால் 20 லீற்றர் பெற்றோல். லீற்றருக்கு 2.3 கிலோவாக 46 கிலோ. அன்றிரவு வளவு விளக்குகளால் வருவதோ 4 கிலோவும் இல்லை. ஆயினும் அந்த 46 கிலோ தரிப்பிடத்தினுடையதன்று. மூன்றாம் பிரிவில், விருந்தினர் பயணமென்று எழுதவேண்டும். ஒருவர் தம் மின்சாரக் காரைத் தரிப்பிடத்து மின்னிணைப்பில் செருகினால், அது மண்டபத்தின் மின்கட்டணத்தில் ஏறும். தனி மின்மானி வைத்துப் பிரிக்காதவரை இரண்டாம் பிரிவுதான்.

உங்கள் ஊரில் பாடசாலையோ சனசமூக நிலையமோ ஆலயமோ இருந்தால், இளைஞர்களிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து இதைத் தொடங்கச் சொல்லலாம். முதல் மாதம் வளவு விளக்குகளை எண்ணி, வாற்று எத்தனை, எத்தனை மணித்தியாலம் என்று எழுதினால் போதும். 150 வாற்றுக்குப் பதில் 50 வாற்று எல்.ஈ.டி. போட்டால், 2,628 அலகு 876 ஆகக் குறைவதை அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

வாசலுக்கு வெளியே வீதியில் எரியும் விளக்கை எங்கே எழுதுவதென்று கேட்பார்கள். அதை எழுதவேண்டாம், அது மாநகர சபையின் கணக்கு.