மூடிய நிரல் எங்கே ஓடுகிறது? லினக்ஸில் டிரைவர் தேர்வு

பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போடுகிறவர்கள் முதலில் முட்டிக்கொள்வது வைஃபையில். அடுத்து கிராபிக்ஸ் கார்டில். எந்த டிரைவரைப் போடுவது என்று வரும்போது "ஓப்பன் சோர்ஸா, இல்லையா?" என்று கேட்கிறோம். அது பாதிக் கேள்விதான். மூலநிரல் தராத பகுதி எங்கே ஓடுகிறது? சிப்புக்குள்ளா, கெர்னலுக்குள்ளா, கெர்னலுக்கு வெளியே சாதாரண நிரலாகவா? வரப்போகும் தலைவலி அதைப் பொறுத்தது.

லினக்ஸ் கெர்னல் ஜிபிஎல் 2 உரிமத்தில் இருக்கிறது. அதன் உட்செயல்பாடுகளில் ஒரு பகுதி, ஜிபிஎல்லுக்கு ஒத்துவரும் மாட்யூல்களுக்கு (டிரைவர் போல கெர்னலுக்குள் ஏற்றும் துண்டுகளுக்கு) மட்டுமே கிடைக்கும். ஒவ்வொரு மாட்யூலும் தன் உரிமத்தை ஒரு வரியில் அறிவிக்க வேண்டும். 'ப்ரொப்ரைட்டரி' என்று சொன்னால் அந்தக் கதவுகள் சாத்திக்கொள்ளும். கெர்னலும் தன்மேல் 'டெயின்டட்' என்று முத்திரை குத்திக்கொள்ளும். அதன்பிறகு மெஷின் தொங்கி, லாகை எடுத்துக்கொண்டு கெர்னல்காரர்களிடம் போனால், "அந்த மாட்யூலைக் கழற்றிவிட்டு வாருங்கள்" என்பதே பதில்.

இந்த ஒரு வரியிலேயே கைவரிசை காட்டியவர்கள் உண்டு. மோடம் டிரைவர் எழுதிய லினக்சான்ட் நிறுவனம் 2004-இல் மாட்டியது. உரிம வரியில் 'ஜிபிஎல்' என்று எழுதி, அடுத்து ஒரு பூஜ்ய பைட்டை வைத்து, அதற்குப் பின்னால் 'இன்ன டைரக்டரியில் உள்ள கோப்புகளுக்கு மட்டும்' என்று தொடர்ந்திருந்தது. சி மொழியில் பூஜ்ய பைட் வந்தால் எழுத்துச்சரம் முடிந்தது. கெர்னல் படித்தது 'ஜிபிஎல்' வரைக்கும்தான்! எச்சரிக்கைச் செய்திகள் பயனர்களைக் குழப்பியதால் அப்படிச் செய்தோம் என்பது அவர்கள் சொன்ன சமாதானம்.

என்டிஸ்ராப்பர் வேறு ரகம். அது ஜிபிஎல் நிரல்தான். ஆனால் விண்டோஸ் வைஃபை டிரைவரை அப்படியே கெர்னலுக்குள் ஏற்றிவிடும். அதற்காகவே மாட்யூல் லோடரில் அதன் பெயரைச் சொல்லி ஒரு சோதனை எழுதினார்கள்: ஜிபிஎல் கதவு திறந்திருக்கும், ஆனால் முத்திரை விழும். இன்றைக்கு யாருக்கும் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். ஜிபிஎல் மாட்யூல் ஒன்றை நடுவில் தரகராக நிறுத்தும் வழியும் 2020-இல் கெர்னலின் 5.9 பதிப்போடு அடைபட்டது. மூடிய மாட்யூலிடம் கைநீட்டும் மாட்யூலும் மூடியதாகவே கணக்கு.

என் முதல் தேர்வு, கெர்னலோடு வரும் திறந்த டிரைவர், சிப்புக்குள் மூடிய ஃபர்ம்வேர் என்ற ஜோடி. இன்டெல் வைஃபை, ஏஎம்டி கிராபிக்ஸ் எல்லாம் இப்படித்தான். முத்திரை விழாது, கெர்னல் மாறினால் டிரைவரும் கூடவே மாறும். டெபியனே 2022-இல் வாக்கெடுப்பு நடத்தி, 2023-இல் வந்த 12-ஆம் பதிப்பின் நிறுவியில் இந்த ஃபர்ம்வேரைச் சேர்த்துவிட்டது. அதுவும் கூடாது என்பவர்கள் ஏத்9கே டிரைவரில் ஓடும் பழைய ஏதெரோஸ் கார்டைத் தேடி வாங்கி மாட்டலாம். அதற்கு ஃபர்ம்வேர் கோப்பே வேண்டாம்.

கெர்னலுக்குள்ளேயே மூடிய மாட்யூல் என்பது கடைசி வழி. ஒருமுறை கெர்னல் அப்டேட் முடிந்து ரீஸ்டார்ட் ஆனதும் என் வைஃபை காணாமல் போனது. புதிய கெர்னலுக்கு அந்த மாட்யூல் கம்பைல் ஆகவில்லை. சரிசெய்ய இணையம் வேண்டும். இணையத்துக்கு வைஃபை வேண்டும். கடைசியில் போனை யூஎஸ்பியில் சொருகி ஒப்பேற்றினேன்.

என்விடியா கார்டு என்றால் தலைமுறையைப் பாருங்கள். 2022 மே மாதம் 515 வரிசையோடு, எம்ஐடி/ஜிபிஎல் இரட்டை உரிமத்தில் கெர்னல் மாட்யூல்களைத் திறந்தார்கள். மூடிய வேலையில் பெரும்பகுதி கார்டிலேயே உள்ள ஜிஎஸ்பி சிப்பின் ஃபர்ம்வேருக்கும், கெர்னலுக்கு வெளியே உள்ள லைப்ரரிகளுக்கும் போய்விட்டது. ஜிடிஎக்ஸ் 16, ஆர்டிஎக்ஸ் 20 முதல் யோசிக்காமல் திறந்த மாட்யூலைப் போடலாம். ஆர்டிஎக்ஸ் 50-க்கு அது மட்டும்தான் வழி. ஜிடிஎக்ஸ் 10 வைத்திருப்பவர்கள் பாடு திண்டாட்டம். அதில் ஜிஎஸ்பி இல்லை, அதனால் திறந்த மாட்யூல் ஓடாது. மூடிய மாட்யூலுக்கும் 580-தான் கடைசி வரிசை. கெர்னலோடு வரும் திறந்த டிரைவரான நூவோ ஓடும், ஆனால் கார்டின் வேகத்தை முழுசாக ஏற்ற முடியாது. படம் பார்க்க, எழுத மட்டும் என்றால் நூவோ போதும்; விளையாட என்றால் 580.

உங்கள் மெஷின் நிலவரம் தெரிய, ப்ராக் அடைவுக்குள் சிஸ், அதற்குள் கெர்னல் என்று போய் 'டெயின்டட்' கோப்பைத் திறந்து பாருங்கள். ஓர் எண் இருக்கும். கெர்னலோடு வராத மாட்யூலுக்கு 4096, கையெழுத்தில்லாததற்கு 8192, மூடிய மாட்யூலுக்கு 1 என்று கூட்டி வைத்திருப்பார்கள். ஒற்றைப்படை எண்ணாக இருந்தால் ஏதோ ஒரு மூடிய மாட்யூல் உள்ளே ஏறியிருக்கிறது.