இளைப்பு வாங்கும் குதிரை

எங்கள் 14 வயதுக் குதிரைக்கு இரண்டு வருடமாக இருமல், இளைப்பு. மருந்து கொடுத்தால் அடங்குகிறது, மறுபடி வருகிறது. இனி ஏறவே கூடாதா?
– ஒரு வாசகி, பொள்ளாச்சி

ஏறலாம். ஆனால் முதலில் லாயத்தைக் கவனியுங்கள். நீங்கள் சொல்வது பெரும்பாலும் தூசியும் பூஞ்சையும் கிளப்பிவிடும் ஆஸ்துமா. காய்ந்த புல்லையும் வைக்கோலையும் அரை மணி நேரம் தண்ணீரில் முக்கி, ஈரத்தோடு தரையில் போடுங்கள். தலையைத் தாழ்த்தித் தின்றால் சளி தானாக இறங்கும். நம் வெயிலுக்கு நனைத்தது சீக்கிரம் புளித்துவிடும். மிச்சத்தை அடுத்த வேளைக்கு வைக்காதீர்கள். பெருக்கும்போது குதிரையை வெளியே கட்டுங்கள். முடிந்தால் நாள் முழுக்க வெளியிலேயே விடுங்கள். கொசுவுக்கு மூட்டம் போடுகிறீர்களா? கொசுவுக்கு முன்னால் குதிரைதான் திணறும்!

சேணம் கட்டுமுன் விலாவைப் பார்த்து ஒரு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். ஓய்வில் 8 முதல் 16 வரை இருந்தால் சரி. 20-ஐத் தாண்டினாலோ, மூக்கு விரிந்து வயிறு எக்கினாலோ அன்று குதிரைக்கு லீவு. ஏறிய முதல் கால் மணி நேரம் வெறும் நடைதான். தொடர்ந்து இருமினால் இறங்கி, நடத்திக் கூட்டி வாருங்கள்.

முகமூடி வைத்துக் கொடுக்கும் இன்ஹேலர் குதிரைக்கும் உண்டு. கால்நடை மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள்.