எக்ஸெல்: கடல் கடந்து படிக்கப் பணம் திரட்ட ஒரு கணக்கு

கடல் உயிரியல் படிக்கும் என் அக்கா மகளுக்கு, ஆஸ்திரேலியாவின் ஹெரான் தீவில் பவளப்பாறைப் பாதுகாப்பு பற்றிய இரண்டு வாரக் களப்பயிற்சிக்குப் போக வாய்ப்பு வந்தது. கிளாட்ஸ்டோன் துறைமுகத்திலிருந்து படகில் போக வேண்டிய சின்னத் தீவு அது. குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் அங்கே உள்ளது. பணம்தான் இல்லை. தெரிந்தவர்களிடம் திரட்டலாம் என்று ஒரு நோட்டில் கணக்கு எழுதினோம். அந்த நோட்டில் செய்த தவறை நீங்களும் செய்யாமல் இருக்கவே இந்தப் பாடம்.

எக்ஸெலில் புதிய ஃபைல் ஒன்றைத் திறந்து கொள்ளுங்கள். முதல் ஷீட் செலவுக்கு. ஏ காலத்தில் செலவின் பெயர், பி காலத்தில் ஆஸ்திரேலிய டாலர், சி காலத்தில் ரூபாய். எஃப்1 செல்லில் அன்றைய டாலர் மதிப்பு. உதாரணத்திற்கு 55 என வைத்துக் கொள்வோம்.

2 முதல் 4 வரையிலான வரிசைகளில் பயிற்சிக் கட்டணம், தங்குமிடம், படகு. சி2 செல்லில் சமன் குறி டைப் செய்து, பி2வில் க்ளிக் செய்து, நட்சத்திரக் குறி போட்டு, எஃப்1ல் க்ளிக் செய்யவும். உடனே கீபோர்டில் எஃப்4 கீயை ஒரு முறை அழுத்தவும். செல் முகவரியில் டாலர் குறிகள் வந்து உட்காரும். இதை மறந்து ஃபார்முலாவைக் கீழே இழுத்தால் எஃப்2, எஃப்3 என்று மாறிப்போய் ரூபாய் எல்லாம் பூஜ்யமாகிவிடும்.

விமான டிக்கெட், விசா, இன்ஷூரன்ஸ் ஆகியவற்றை 5, 6 வரிசைகளில் நேரடியாக ரூபாயில் எழுதலாம். சி7ல் மொத்தம், சி8ல் அதில் 10 சதவீதம் எதிர்பாராத செலவுக்கு, சி9ல் இரண்டின் கூட்டல். 3,500 டாலரும் 1,00,000 ரூபாயும் என்றால் 3,21,750 வரும். இப்போது எஃப்1ல் 58 என மாற்றிப் பாருங்கள். 3,33,300! மூன்று ரூபாய் ஏற்றத்திற்கு 11,550 கூடுதல். மீண்டும் 55 ஆக்கிவிடுங்கள்.

இரண்டாவது ஷீட் வரவுக்கு. ஏ காலத்தில் பெயர், பியில் தொகை, சியில் நிலை. நிலை என்பது இரண்டே சொல்: வந்தது, சொன்னது. எங்கள் நோட்டில் இந்தக் காலமே இல்லை. ஒரு நிறுவனம் தருவதாகச் சொன்ன 40,000 ரூபாயை வந்ததாகவே கூட்டிவிட்டோம். அது கடைசி வரை வரவில்லை. டிக்கெட் எடுக்க வேண்டிய வாரத்தில் அக்காவின் வளையல் அடகுக்குப் போனது.

ஈ1 செல்லில் சம்இஃப் ஃபங்ஷன். அடைப்புக்குறிக்குள் முதலில் சி காலம், கமா, மேற்கோள் குறிக்குள் வந்தது, கமா, பி காலம். ஈ2ல் இதையே சொன்னது என்று மாற்றி எழுதவும். வந்தது 1,64,000, சொன்னது 1,10,000 என்று கொள்வோம்.

துண்டு விழும் தொகைக்கு டீஷர்ட் அச்சிட்டு விற்கலாம் என்பது கல்லூரிப் பிள்ளைகளின் வழக்கமான யோசனை. ஈ5ல் எண்ணிக்கை, இப்போதைக்கு 100. ஈ6ல் ஒன்றுக்கு லாபம், 120. ஈ7ல் இரண்டின் பெருக்கலிலிருந்து அச்சு ஆரம்பச் செலவு 3,000ஐக் கழிக்கவும். ஈ8ல் முதல் ஷீட்டின் சி9லிருந்து ஈ1, ஈ2, ஈ7 மூன்றையும் கழிக்கவும்.

டேட்டா டேபில் வாட்-இஃப் அனாலிசிஸ், அதில் கோல் சீக். (இலவச லிப்ரே ஆபீஸ் கால்க்கில் டூல்ஸ் மெனுவில் இருக்கும்.) முதல் கட்டத்தில் ஈ8, அடுத்ததில் 0, மூன்றாவதில் ஈ5 கொடுத்து ஓகே. தசமத்தோடு வரும் விடையை மேல்நோக்கி முழுமையாக்கினால் 423 டீஷர்ட். ஈ8லிருந்து ஈ2வை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினால் 1,340! நாற்பது பேர் உள்ள வகுப்பில் யார் வாங்குவது? அதற்குப் பதில் 500 ரூபாய் தரக்கூடிய 96 பேரைத் தேடினால் முதல் துண்டு அடைபடும்.

கேட்டு எழுதும் கடிதத்தில் செலவு ஷீட்டை அப்படியே இணையுங்கள். எதற்குப் போகிறாள் என்பதையும் புரியும்படி எழுத வேண்டும். அக்கா மகள் கோரல்வாட்ச் அட்டையைப் பற்றி எழுதினாள். 2002ல் அதே பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம் அது. பவளத்தின் நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு 1 முதல் 6 வரை எண் தருவார்கள். எண் குறைந்தால் பவளம் வெளுக்கிறது என்று பொருள். 2016ல் ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டு வெளுத்த அதே ஆண்டில் நம் மன்னார் வளைகுடாவிலும் பவளங்கள் வெளுத்தன. இந்த இரண்டு வரிக்குத்தான் அதிகம் பேர் பணம் அனுப்பினார்கள்.

பணம் வந்த அன்றே சி காலத்தில் சொன்னது என்பதை வந்தது என மாற்றுங்கள். பாங்க் பாஸ்புக்கையோ எஸ்.எம்.எஸ்ஸையோ பார்த்த பிறகு மட்டும்.