கிளைவிடும் நிரல்

நுழையும்முன்

கவை, கொம்பு, கிளை, சினை, போத்து, குச்சி, இணுக்கு என ஒரு மரத்தின் பிரிவுகளுக்கெல்லாம் தனித்தனியே பெயர் வைத்திருக்கும் மொழி தமிழ். கணினித் துறையிலும் 'கிளை' என்றொரு சொல் வழங்குகிறது. ஒரே மென்பொருளைப் பலர் சேர்ந்து எழுதும்போது, ஒருவருடைய முயற்சி மற்றவர் பணியைக் குலைத்துவிடாமல் காக்கும் ஏற்பாடு அது. அதன் இயல்பையும் பயனையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பாதியில் நிற்கும் பணி

மேல்நிலைப் பள்ளி ஒன்றின் நூலகத்திற்காக மாணவியர் மூவர் ஒரு மென்பொருள் எழுதுவதாகக் கொள்ளலாம். நூல்களின் பட்டியல், அவற்றை எடுத்துச் சென்றோர் பெயர், திருப்பித் தந்த நாள் ஆகியவை அதில் பதிவாகின்றன. மென்பொருள் பயன்பாட்டிற்கும் வந்துவிட்டது. ஆயினும் ஒரு குறை இருக்கிறது. மயில், மரம், மனம் என அகரவரிசையில் வரவேண்டிய சொற்கள் மனம், மயில், மரம் என வருகின்றன. யூனிகோடு குறியீட்டு முறையில் னகரம் நகரத்தை அடுத்து வைக்கப்பட்டிருப்பதே இதற்குக் காரணம். தமிழ் நெடுங்கணக்கிலோ அது மெய்யெழுத்துகளின் இறுதியில் நிற்பது. றகரமும் ழகரமும் இவ்வாறே இடம் மாறியுள்ளன. கணினி குறியீட்டு எண்ணைக் கொண்டு வரிசைப்படுத்துமேயன்றி, நெடுங்கணக்கைத் தானாக அறியாது.

இக்குறையைக் களைய மூவருள் ஒருத்தி முனைகிறாள். வரிசைப்படுத்தும் பகுதியை முழுவதும் பிரித்துப்போட்டு மீண்டும் எழுதுகிறாள். பணி பாதியில் நிற்கும் வேளையில் நூலகர் வேறொரு பிழையைச் சுட்டுகிறார். திருப்பித் தந்த நூல்களும் தரப்படாதவை என்றே காட்டப்படுகின்றன. தவறு செய்யாத மாணவர்மீது தண்டத்தொகை விழுகிறது. இதனை உடனே திருத்தியாக வேண்டும். அவளுடைய கணினியில் இருப்பதோ அரைகுறை நிரல். அதனை அப்படியே நூலகத்திற்கு அனுப்பினால் பட்டியலே திறக்காது; அழித்துவிட்டுத் திருத்தினால் இரண்டு வார உழைப்பு வீணாகும்.

இத்தகைய இக்கட்டில் பலரும் கைக்கொள்ளும் வழி, கோப்புறையைப் படியெடுத்து வைப்பதுதான். 'இறுதி', 'இறுதி 2', 'உண்மையான இறுதி' என்னும் பெயர்களில் கோப்புறைகள் பெருகியிருப்பதைக் கண்டு சிரிக்காத கணினிப் பயனர் அரியர். எந்தப் படியில் எந்தத் திருத்தம் இருக்கிறது என்பது சில நாள்களில் எழுதியவருக்கே மறந்துபோகும்.

பத்து நாள்களில் பிறந்த கருவி

இச்சிக்கல் மூவர் எழுதும் மென்பொருளிலேயே இப்படியென்றால், உலகெங்கும் உள்ளோர் கூடி எழுதும் லினக்ஸ் கெர்னலில் எவ்வாறிருக்கும்! அதனை எழுதுவோர் 2002 முதல் பிட்கீப்பர் என்னும் வணிக மென்பொருளைக் கட்டணமின்றிப் பயன்படுத்தி வந்தனர். 2005இல் அச்சலுகை முடிவுக்கு வந்தது. லினக்ஸைத் தோற்றுவித்த லினஸ் டோர்வால்ட்ஸ், அவ்வாண்டு ஏப்ரல் 3ஆம் நாள் தாமே ஒரு கருவியை எழுதத் தொடங்கினார். ஏப்ரல் 7ஆம் நாளே அக்கருவி தன்னுடைய நிரலைத் தானே பேணும் நிலையை எட்டியது. அதுவே கிட். ஜூன் மாதம் வெளியான 2.6.12 என்னும் கெர்னல் பதிப்பு கிட்டின் துணையோடு வெளிவந்தது. ஜூலையில் கிட்டைப் பேணும் பொறுப்பை ஜூனியோ ஹமானோ ஏற்றார்.

பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள்கள் அதற்கு முன்னரும் இருந்தன. அவற்றிலும் கிளைகள் உண்டு. ஆனால், கிளை பிரிப்பதற்கு அஞ்சும் நிலையே பெரிதும் இருந்தது. சப்வெர்ஷன் என்னும் மென்பொருளில் கிளையை உருவாக்குவது எளிது. மீண்டும் இணைப்பதுதான் கடினம். எந்தெந்த மாற்றங்கள் ஏற்கெனவே இணைக்கப்பட்டன என்பதை, 2008இல் அதன் 1.5ஆம் பதிப்பு வரும்வரை, மனிதரே நினைவில் வைத்திருக்க வேண்டியிருந்தது. திரும்பி வரும் வழி தெரியாதபோது யார்தான் பிரிந்து செல்லத் துணிவர்?

கிளை என்பது ஒரு பெயர்

கிட்டில் ஒருவர் தம் பணியை ஒரு கட்டத்தில் 'பதிவு' செய்யும்போது, அந்நேரத்தில் கோப்புகள் இருந்த நிலை முழுவதும் காக்கப்படுகிறது. ஒவ்வொரு பதிவிற்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்தே கணக்கிடப்பட்ட, 40 எழுத்தும் எண்ணும் கலந்த அடையாளம் உண்டு. தனக்கு முந்தைய பதிவு எது என்பதையும் ஒவ்வொரு பதிவும் குறித்து வைத்துக்கொள்கிறது. ஆகவே, கடைசிப் பதிவைப் பிடித்தால் சங்கிலிபோலத் தொடக்கம்வரை செல்லலாம்.

கிளை என்பது அச்சங்கிலியின் நகல் அன்று. கடைசிப் பதிவு எது எனச் சுட்டும் பெயர் மட்டுமே. பொதுவாக அது ஒரு சிறு கோப்பு. அதனுள் இருப்பது 40 குறிகளைக் கொண்ட அடையாளமும் ஒரு வரிமுடிவும். மொத்தம் 41 பைட்டுகள். ஆயிரக்கணக்கான கோப்புகளைக் கொண்ட மென்பொருளாயினும் புதிய கிளைக்கு எழுத வேண்டியது இவ்வளவே. புதிய பதிவு ஒன்று செய்யப்பட்டதும், அக்கிளையின் பெயர் தானாகவே நகர்ந்து அப்புதிய பதிவைச் சுட்டும்.

இங்கேதான் மரத்தின் உவமை பொருந்தாமல் போகிறது. மரத்தில் அடிமரம் வேறு, கிளை வேறு. கிட்டில் 'மெயின்' எனப்படும் முதன்மைத் தொடரும் மற்றொரு கிளையே. அதனை முதன்மை ஆக்குவது அதை எழுதுவோரிடையே உள்ள உடன்பாடன்றி வேறில்லை. மேலும், பிரிந்த மரக்கிளை அடிமரத்தோடு மீண்டும் சேர்வதில்லை. கிட்டின் கிளையோ சேர்வதற்காகவே பிரிகிறது.

மாறிச் செல்லுதல்

நூலக மென்பொருளை எழுதும் மாணவி தொடக்கத்திலேயே 'அகரவரிசை' என்றொரு கிளையைப் பிரித்துக்கொண்டிருந்தால் அவள் இடர் எளிதில் தீரும். கிளைப்பெயரைத் தமிழிலேயே இடலாம். இடைவெளியும் சில குறிகளும் மட்டும் கூடாது. 'கிட் பிராஞ்ச்' என்னும் கட்டளை கிளையை உருவாக்கும். ஆனால் அதற்குள் அழைத்துச் செல்லாது. புதியவர் பலர் இவ்விடத்தில் தடுமாறி, பழைய கிளையிலேயே பதிவுகளைச் செய்துவிடுவர். உள்ளே செல்ல 'கிட் ஸ்விட்ச்' என்னும் கட்டளை வேண்டும். இரண்டையும் ஒருசேரச் செய்ய அதனோடு '-சி' என்னும் குறிப்பைச் சேர்த்துப் புதிய பெயரை எழுத வேண்டும்.

பிழை சுட்டப்பட்டதும் அவள் தன் அரைகுறைப் பணியை அகரவரிசைக் கிளையில் பதிவு செய்கிறாள். பின்னர் மெயினுக்கு மாறுகிறாள். அக்கணமே கோப்புறையில் உள்ள கோப்புகள் மெயினின் நிலைக்கு மாற்றி எழுதப்படுகின்றன. பிரித்துப்போட்ட நிரல் கண்ணிலிருந்து மறைகிறது. முதன்முறை இதனைக் காண்போர் திடுக்கிடுவது இயல்பே. எதுவும் அழியவில்லை, பதிவு செய்தவை அனைத்தும் களஞ்சியத்தில் உள்ளன. அவள் மெயினிலிருந்து 'தண்டத்தொகை' என்னும் வேறொரு கிளையைப் பிரித்து, பிழையைத் திருத்தி, மெயினோடு இணைக்கிறாள். அன்று மாலையே திருந்திய மென்பொருள் நூலகத்திற்குச் செல்கிறது.

பதிவு செய்யாதவற்றிற்கு இத்தகைய காவல் இல்லை. மாறிச் செல்வதால் அவை அழியக்கூடுமானால் கிட் பெரும்பாலும் மறுத்துவிடும். அம்மறுப்பைத் தடையெனக் கருதி வற்புறுத்தும் கட்டளையைத் தேடுவோர்தாம் உழைப்பை இழக்கின்றனர்.

தெரிந்து தெளிவோம்

2019 ஆகஸ்டில் வெளியான 2.23ஆம் பதிப்பிற்கு முன்பு, கிளை மாறுவதற்கும் கோப்பில் செய்த மாற்றங்களைக் கைவிடுவதற்கும் 'கிட் செக்அவுட்' என்னும் ஒரே கட்டளையே பயன்பட்டது. கிளைப்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் கோப்பின் பெயரை இட்டால், பதிவு செய்யாத மாற்றங்கள் கேள்வியின்றி நீங்கிவிடும். இவ்வேறுபாட்டைத் தெளிவாக்கவே 'ஸ்விட்ச்', 'ரெஸ்டோர்' என இரு கட்டளைகள் பின்னர் உருவாக்கப்பட்டன. பழைய கட்டளையும் இன்றளவும் வழக்கில் உள்ளது.

இணைத்தல்

இரு கிளைகளை இணைக்கும்போது, அவை பிரிந்த இடமாகிய பொதுப் பதிவைக் கிட் முதலில் கண்டறிகிறது. அங்கிருந்து ஒவ்வொரு கிளையிலும் மாறியவற்றை ஒப்பிடுகிறது. வெவ்வேறு இடங்களில் நிகழ்ந்த மாற்றங்களைத் தானே சேர்த்துவிடும். ஒரே வரியை இருவரும் வெவ்வேறாக மாற்றியிருந்தால், இரண்டையும் குறியிட்டுக் காட்டி நின்றுவிடும். இதனை 'முரண்' என்பர். எது சரி என்பதை எழுதியவர்களே கூடிப் பேசி முடிவுசெய்ய வேண்டும்.

முரண் எழுந்தால் அஞ்சுவோர் பலர். முரணே எழாதபோது விழிப்பாயிருப்போர் சிலரே. ஒருத்தி தன் கிளையில் 'பட்டியலிடு' என்னும் செயற்கூற்றின் பெயரை 'வரிசைப்படுத்து' என மாற்றுகிறாள்; மற்றொருத்தி தன் கிளையில், வேறொரு கோப்பில், 'பட்டியலிடு' என்பதைப் புதிதாக அழைக்கிறாள். வரிகள் மோதவில்லை, எனவே கிட் அமைதியாக இணைத்துவிடும். மென்பொருளோ இயங்காது. எழுத்துகளை ஒப்பிடும் கருவி பொருளை அறிவதில்லை. இணைத்தபின் மென்பொருளை இயக்கிச் சோதித்துப் பார்ப்பது இதனால்தான் இன்றியமையாததாகிறது.

மாணவி அகரவரிசைக் கிளைக்குத் திரும்புகிறாள். விட்ட இடத்திலேயே நிரல் காத்திருக்கிறது. மெயினில் சேர்ந்த திருத்தத்தை முதலில் தன் கிளைக்குள் இணைத்துக்கொள்கிறாள். ஒரு வரியில் முரண் எழ, தோழியரோடு பேசித் தீர்க்கிறாள். பணி முடிந்து மெயினோடு சேர்த்தபின் கிளையை நீக்குகிறாள். நீங்குவது பெயர் மட்டுமே. இணைக்கப்பட்ட பதிவுகள் மெயினின் வரலாற்றில் நிலைக்கின்றன. இணைக்கப்படாத கிளையாயிருந்தால், சிறிய 'டி' இட்ட நீக்கக் கட்டளைக்குக் கிட் இணங்கியிராது. நூலகத்துத் திரையில் மயில், மரம், மனம் என வரிசை அமைகிறது.