ஆங்கிலம் பேசப் பழக ஆங்கிலேயர்தான் வேண்டுமா?

நம் புவனகிரிப் பெற்றோர் பலரின் உள்ளத்தில் ஒரு கவலை உண்டு. மகள் ஆங்கிலப் பாடத்தில் தொண்ணூறு மதிப்பெண் பெறுகிறாள். ஆனால் கல்லூரியில் சேரப் போன இடத்தில் ஒருவர் ஆங்கிலத்தில் இரண்டு கேள்வி கேட்டால் தலைகுனிந்து நிற்கிறாள். விடை தெரியாமல் அல்ல, வாய் வராமல். "ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர் ஒருவர் கிடைத்தால் போதும், குழந்தை பேசிவிடும்" என்று பெற்றோர் எண்ணுகிறார்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டில், மாதம் அரிசிக்கு ஆகும் செலவைவிட அதிகமாகக் கட்டணம் செலுத்தி, கைப்பேசி வழியாக அப்படிப்பட்ட ஆசிரியரிடம் ஒரு சிறுமியைச் சேர்த்திருக்கிறார்கள். ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு குழந்தைகள். தன் முறை வரும்போது அவள் "எஸ் மிஸ்" என்கிறாள். அத்துடன் அன்றைய ஆங்கிலம் முடிந்துவிடுகிறது.

பெற்றோரின் எண்ணம் முற்றிலும் தவறு என்று நான் சொல்ல வரவில்லை. பேசும் மொழி வேறு, ஏட்டு மொழி வேறு. நம் தமிழையே எண்ணிப் பாருங்கள். "நான் நாளை வருகின்றேன்" என்று கடைத்தெருவில் ஒருவர் சொன்னால் நமக்குச் சிரிப்பு வராதா? நாம் பேசும் ஆங்கிலம் பெரும்பாலும் அந்த வகையைச் சேர்ந்ததே. இதை நன்கு அறிந்திருந்தவர் நம் வீரமாமுனிவர். இத்தாலியில் 1680-இல் பிறந்த இந்த இயேசு சபைத் துறவி, தேம்பாவணி பாடும் அளவுக்குச் செந்தமிழ் கற்றவர். ஆயினும் மக்கள் பேசும் கொடுந்தமிழுக்கென்றே தனியாக ஓர் இலக்கணத்தை 1728-இல் இலத்தீன் மொழியில் எழுதினார். புதிதாக வரும் குருக்கள் மக்களோடு பேச வேண்டுமே!

அவருக்குச் சில ஆண்டுகள் முன்னரே, நம் ஊரிலிருந்து சிதம்பரம், சீர்காழி வழியே பேருந்தில் சென்று சேரக்கூடிய தரங்கம்பாடியில் இதே சிக்கலை ஒருவர் சந்தித்தார். அவர் ஜெர்மானியரான சீகன்பால்கு. 1706 ஜூலையில் அவர் கப்பலைவிட்டு இறங்கியபோது தமிழில் ஒரு சொல்லும் அறியார். திண்ணைப் பள்ளி நடத்திய முதியவர் ஒருவரைத் தம் இருப்பிடத்திலேயே பள்ளியை நடத்தச் செய்து, சிறுபிள்ளைகளோடு தாமும் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகினார். எழுத்து வந்தது, பொருள் வரவில்லை. வாத்தியாரோ தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்தாம். ஆனால் சீகன்பால்கு அறிந்த மொழி எதுவும் அவருக்குத் தெரியாது. எனவே எதையும் விளக்க அவரால் முடியவில்லை. பின்னர் அழகப்பன் என்பவர் கிடைத்தார். டேனிஷ் கம்பெனியில் துபாஷியாக இருந்தவர். போர்ச்சுகீசியமும் வேறு சில ஐரோப்பிய மொழிகளும் தெரிந்தவர். அவரோடு நாள்தோறும் பேசிப் பேசி, 1707 ஆகஸ்டில் ஆலயம் திறந்தபோது சீகன்பால்கு தமிழிலேயே பிரசங்கம் செய்தார். தாய்மொழியாளர் என்பது மட்டும் போதவில்லை. கற்பவரின் மொழியையும் அறிந்து, அலுக்காமல் பேசக்கூடிய தாய்மொழியாளராக அவர் இருக்க வேண்டியிருந்தது.

இனித் தஞ்சாவூருக்கு வருவோம். இரண்டாம் சரபோஜி மன்னர் (1777-1832) வீட்டில் பேசியது மராத்தி. அவருக்கு ஆங்கிலம் கற்பித்தவர்கள் யார் தெரியுமா? ஆங்கிலேயர் அல்லர்! ஒருவர் சுவார்ட்ஸ் ஐயர். மற்றவர் கெரிக்கே ஐயர். இருவரும் ஜெர்மானியர். கெரிக்கே நம் கடலூரில் 1767 முதல் பல ஆண்டுகள் ஊழியம் செய்தவர். பின்பு சென்னை வேப்பேரியில் இருந்தபோது, அங்கே தங்கிய இளவரசரின் கல்வியைக் கவனித்தார். சுவார்ட்ஸோ திருச்சிராப்பள்ளியில் இருந்த ஆங்கிலப் படைவீரர்களுக்காகவே ஆங்கிலப் பேச்சைப் பழகிக்கொண்டவர். தொடக்கத்தில் அச்சிட்ட பிரசங்கங்களைப் பார்த்துத்தான் வாசித்தாராம். கூச்சம் நமக்கு மட்டும் உரியதன்று!

அந்த மாணவர் எப்படித் தேறினார்? 1826-இல் தஞ்சைக்கு வந்த கல்கத்தா ஆங்கிலேய ஆயர் ஹீபர், மன்னர் ஐரோப்பிய அறிவியல் நூலாசிரியர்களை மேற்கோள் காட்டிப் பேசுவதையும், ஷேக்ஸ்பியரை நுட்பமாக மதிப்பிடுவதையும் வியந்து எழுதினார். சுவார்ட்ஸ் 1798-இல் இறந்தபின், அவருடைய கல்லறைக்கல்லில் பொறிக்க ஆங்கிலக் கவிதை இயற்றியவரும் இந்தச் சரபோஜியே.

அப்படியானால் தாய்மொழியாளரிடம் கிடைப்பது என்ன? ஓசை. "போட்டோகிராப்" என்னும் சொல்லில் முதல் அசையை அழுத்த வேண்டும். "போட்டோகிராபர்" என்றால் அழுத்தம் இரண்டாம் அசைக்குத் தாவிவிடும். நாமோ எல்லா அசைகளையும் ஒரே அளவாகச் சொல்லிவிடுகிறோம். "புக்" என்பதைப் "புக்கு" என்றும், "ஸ்கூல்" என்பதை "இஸ்கூல்" என்றும் சொல்வது நம் நாவின் இயல்பு. இதைத் திருத்த நல்ல உச்சரிப்பைக் காதால் கேட்க வேண்டும். ஆனால் அதற்கு ஆள் நேரில் வர வேண்டியதில்லை. வானொலியின் ஆங்கிலச் செய்தியைத் தினம் கேட்டு, ஒரு வாக்கியத்தை உடனே அதே இராகத்தில் திருப்பிச் சொல்லிப் பார்க்கலாம். செலவு ஒன்றுமில்லை.

தாய்மொழியாளருக்கு எளிதில் பிடிபடாத ஒன்றும் உண்டு. "ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்" என்று நாம் சொன்னால், அது பிழை என்பது அவருக்குத் தெரியும். "இரண்டு தம்பிகள் இருக்கிறார்கள்" என்ற தமிழ் வாக்கியம் நம் மனத்தில் ஓடுவதால்தான் "ஹேவ்" என்பது "ஹேவிங்" ஆகிறது என்பதை, தாமும் அதே பிழையைத் தாண்டி வந்த ஓர் ஆசிரியை நொடியில் கண்டுபிடித்துவிடுவார்.

ஆகவே நம் ஊரில் நாம் தேட வேண்டியவர் வேறு. ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர் இருப்பார். வங்கிக்கு மாற்றலாகி வந்த வெளிமாநிலத்தவரின் மனைவி, தமிழ் தெரியாமல் பகலெல்லாம் தனித்திருப்பார். அவருக்குத் தமிழ் வேண்டும், நமக்கு ஆங்கிலம் வேண்டும், மாற்றிக்கொள்ளலாமே! கன்னியர் மடத்தில் மங்களூரிலிருந்து வந்த சகோதரியிடம் சாவி கேட்கப் போனால், ஆங்கிலத்தைவிட்டால் நமக்கு வேறு வழியே இல்லை. அந்த வழியின்மைதான் நல்ல ஆசான். (சிதம்பரம் கோயிலுக்கு வரும் வெளிநாட்டாரை வழிமறித்து "வாட் இஸ் யுவர் நேம்" என்று கேட்டுவிட்டு ஓடுவது உரையாடல் ஆகாது, தோழியரே!)

ஆள் கிடைத்ததும் "ஆங்கிலம் பேசு" என்று குழந்தையை ஏவக் கூடாது. எதைப் பேசுவது என்றே அதற்குத் தெரியாது. பேச ஒரு பொருளைக் கொடுக்க வேண்டும். தறி உள்ள வீட்டுச் சிறுமி பாவும் ஊடையும் சேருவது எப்படி என்று சொல்லட்டும். மற்றொருத்தி ரசம் வைக்கும் முறையைச் சொல்லட்டும். தனக்கு நன்றாகத் தெரிந்த செய்தியானால் சொல் தானே தேடி வரும். தெரியாத சொல் வந்தால் தமிழ்ச் சொல்லையே போட்டு மேலே செல்லட்டும். கேட்பவர் நடுவில் குறுக்கிட வேண்டாம். முடியும்வரை கேட்டு, பிழைகளைத் தாளில் குறித்துக்கொண்டு, இறுதியில் சொன்னால் போதும். அதுவும் ஒரு நாளைக்கு மூன்றே பிழைகள். மற்றவை மறுநாளுக்கு இருக்கட்டும்.

— பத்தாம் வகுப்பு மாணவி, 'ஆ' பிரிவு